புரட்டாசி நிலா: எங்க களத்துலயும் ஜப்பான்காரன் தோட்டத்துலயும்

போன புரட்டாசி 20ஆம் தேதி, அதாவது 2025 அக்டோபர் 6, திங்கக்கிழமை. ராத்திரி ஏழரை மணி இருக்கும். என் சித்தப்பா பேரன், ஜப்பான்ல வேலை செய்யறான், போன்ல வீடியோ போட்டான். அங்க அப்போ மணி பதினொண்ணு. "பெரியப்பா, இன்னைக்கு இங்க நிலா பாக்குற பண்டிகை. ஆயாகிட்ட குடுங்க, நிலாவ காட்டறேன்"ன்னான்.

அம்மா திண்ணையில கட்டில்ல படுத்திருந்தாங்க. எண்பத்து மூணு வயசு. ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு, பார்வை பரவாயில்ல. போன கிட்ட புடிச்சு பார்த்துட்டு, "அங்கயும் அதே பாட்டிதான் வடை சுடுறாளா?"ன்னு கேட்டாங்க. அவன் சிரிச்சுட்டு, "இல்ல ஆயா, இவங்க முயல்னு சொல்றாங்க. முயல் ஒலக்கை வச்சு அரிசி மாவு இடிக்குதாம்"ன்னான். அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "எங்க அம்மாவும் முயல்னுதான் சொல்லும். பாட்டின்னு சொன்னது உங்க தாத்தா வீட்டுக்கு வந்த பொறவுதான்" அப்படின்னாங்க.

அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னைக்கு பௌர்ணமியாடா? எனக்குத் தெரியவே இல்லையே"ன்னாங்க. தெரியாதுதான். தலைக்கு மேல தகர ஷீட்டு, வாசல்ல டியூப் லைட்டு, அதுக்கு அப்பால தெருமுனையில உசர கம்பத்து லைட்டு. அந்த லைட்ட நாங்களேதான் மனு குடுத்து வாங்கினோம். பாம்பு பயம், திருட்டு பயம், எல்லாம் கொறைஞ்சுது. ஆனா நிலா எந்தப் பக்கம் எழும்புதுன்னு சொல்லணும்னா இப்போ காலண்டரத்தான் பாக்கணும்.

அந்த ராத்திரி தூக்கம் வரல. அப்புறம் ஒரு மாசம், லைப்ரரியில படிச்சது, அந்தப் பையன் அனுப்பினது, எங்க ஊர் பெரியவங்க சொன்னது எல்லாத்தையும் வச்சு எழுதினதுதான் இது. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். வரலாறுன்னு சொன்னா பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது.

மொதல்ல ஜப்பான் கதை. பழைய சந்திர கணக்குல எட்டாம் மாசத்துப் பதினஞ்சாம் நாள் ராத்திரி, அதுதான் அவங்க நிலா பாக்குற நாள். 'த்சுகிமி'ன்னு பேரு. நம்ம கணக்குல பெரும்பாலும் புரட்டாசி பௌர்ணமி ஒட்டி வரும். சீனாவுல இருந்து ஆயிரத்து நூறு ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி அங்க போன பழக்கம். ஆரம்பத்துல இது அரண்மனைக்காரங்க விளையாட்டு. கியோட்டோவுல ஒசாவான்னு ஒரு குளம் இருக்கு. 9ஆம் நூற்றாண்டுல சாகான்னு ஒரு சக்கரவர்த்தி தன் மாளிகைக்காக வெட்டினது. அங்க படகுல போய்க்கினு, மேல இருக்குற நிலாவ பாக்க மாட்டாங்களாம், தண்ணியில தெரியற நிலாவ பாப்பாங்களாம். அந்தக் குளத்துல இன்னைக்கும் படகு விடுறாங்க. 17ஆம் நூற்றாண்டுல கட்சுரான்னு ஒரு இளவரசர் மாளிகை கட்டினாங்க. அதுல தோட்டத்துக் குளத்தப் பார்த்த மாதிரி மூங்கில் பரப்பின ஒரு மேடை. எதுக்குன்னா நிலா பாக்கறதுக்கு மட்டும். நம்ம வீட்டுல மாடு கட்டறதுக்கே எடம் பத்தல.

இதே நிலாவுக்கு அங்க குடியானவன் வச்ச பேரு வேற. 'கிழங்கு நிலா'ன்னு சொல்லுவானாம். சேப்பங்கிழங்கு அறுவடை ஆகுற காலம் அது. புதுக் கிழங்க அவிச்சு நிலாவுக்குப் படைப்பான். அடுத்த மாசம் பதிமூணாம் பிறைக்கு அவரை நிலா, செஸ்ட்நட் நிலான்னு இன்னொண்ணு. அரிசி மாவுல பதினஞ்சு உருண்டை புடிச்சு கோபுரம் மாதிரி அடுக்கறது, பக்கத்துல ஒரு ஜாடியில புல்லு சொருகறது, இதெல்லாம் பின்னாடி ஜனங்க மத்தியில பரவின பழக்கம். அந்தப் புல்லோட போட்டோ பையன் அனுப்பினான். பார்த்தா நம்ம நாகநதி ஓரத்துல பூக்குற நாணல் மாதிரியே இருக்கு, வெள்ளை வெள்ளையா. நெல்லு அப்போ இன்னும் அறுப்புக்கு வந்திருக்காதாம், நெல்லுக் கதிருக்குப் பதிலா இந்தப் புல்லு. படைச்ச உருண்டைய பக்கத்து வீட்டுப் பசங்க குச்சியால குத்தித் திருடிட்டுப் போவாங்களாம். அன்னைக்கு மட்டும் யாரும் திட்டக் கூடாது, திருட்டுப் போனா நல்ல சகுனமாம். எனக்கு இந்த ஒரு விஷயம் ரொம்பப் புடிச்சுது.

1873ல ஜப்பான்காரன் சந்திர காலண்டர விட்டுட்டு இங்கிலீஷ் காலண்டருக்கு மாறிட்டான். புது வருஷம் உட்பட நெறைய பண்டிகை அந்தத் தேதிக்குப் போயிடுச்சு. நிலா பாக்குறத மட்டும் மாத்த முடியல. மாத்தினா அன்னைக்கு வானத்துல நிலா இருக்கணுமே! அதனால அது மட்டும் செப்டம்பர், அக்டோபர்னு இன்னும் நகர்ந்துக்கினு இருக்கு. இப்போ அங்க பர்கர் கடையில கூட முட்டையே நிலான்னு வச்சு 'நிலா பர்கர்' விக்கிறாங்களாம், 1991லேர்ந்து.

முயல் கதைக்கு வரேன். அது அங்க பொறந்தது இல்ல. புத்தரோட முற்பிறவிக் கதைகள்ல ஒண்ணு. பசின்னு வந்த கிழவருக்குக் குடுக்க ஒண்ணும் இல்லாம ஒரு முயல் தன்னையே நெருப்புல போட்டுக்குது. கிழவரா வந்தது இந்திரன். அவர் அந்த முயலோட உருவத்த நிலாவுல வரைஞ்சு வச்சார். இந்தக் கதை புத்த மதத்தோட சேர்ந்து சீனா வழியா ஜப்பான் போய், 12ஆம் நூற்றாண்டு வாக்குல தொகுத்த 'கொஞ்சாகு' கதைத் தொகுப்புல ஏறிடுச்சு. எங்க ஊர்லேர்ந்து காஞ்சிபுரம் காலையில பஸ் ஏறினா மதியத்துக்குள்ள போயிட்டு வேலைய பாக்கலாம். 7ஆம் நூற்றாண்டுல யுவான் சுவாங் அங்க வந்தப்போ நெறைய புத்த மடங்கள் இருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கார். மணிமேகலை கடைசியில போய்ச் சேர்ந்ததும் காஞ்சிதான். எங்க அம்மாவோட அம்மா சொன்ன முயல் எந்த வழியா எங்க குடிசைக்கு வந்துச்சோ!

நம்ம பக்கம் நிலாவுக்குப் பழக்கம் இல்லையான்னா, நம்ம மாசத்தோட பேரே நிலாவ பார்த்து வச்சதுதான். எந்த நட்சத்திரத்துகிட்ட பௌர்ணமி நிலா நிக்குதோ அந்தப் பேரு. கார்த்திகை நட்சத்திரத்துகிட்ட நின்னா கார்த்திகை. மகத்துகிட்ட நின்னா மாசி. பூரட்டாதிகிட்ட நின்னா புரட்டாசி. ஒவ்வொரு மாசமும் யாரோ ராத்திரி முழிச்சிருந்து பார்த்திருக்காங்க. சிலப்பதிகாரம் தொடங்கறதே திங்களைப் போற்றித்தான், சூரியன் அதுக்கப்புறம்தான். புகார்ல இந்திர விழா சித்திரைப் பௌர்ணமிய ஒட்டி. திருஞானசம்பந்தர் மயிலாப்பூர்ல பாடின பூம்பாவைப் பதிகத்துல ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம்னு வரிசையா வருது. பாதிக்கு மேல பௌர்ணமியோட சம்பந்தப்பட்ட விழாதான். கோயிலுக்கு நிலம் எழுதி வச்ச ராஜாக்கள் கூட 'சந்திர சூரியர் உள்ளவரை'ன்னுதான் கல்லுல வெட்டினாங்க.

புறநானூறுல பாரி மகளிர் பாட்டு பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சிருப்பீங்க. போன மாசத்து நிலாவுல அப்பா இருந்தார், மலையும் எங்ககிட்ட இருந்துச்சு, இந்த மாசத்து நிலாவுல ரெண்டும் இல்லைன்னு சொல்றது. அப்போ வாத்தியார் நடத்தினப்போ மார்க்குக்குப் படிச்சேன். இப்போ எங்க கொல்லியில நின்னு ஜவ்வாது மலைக்கு மேல நிலாவ பாக்குறப்போ வேற மாதிரி இருக்கு.

சரி, எங்க களத்துக்கு வரேன். இது எந்தப் பொஸ்தகத்துலயும் கிடையாது.

கணியம்பாடி பக்கம் மானாவாரின்னா மல்லாட்டைதான். நீங்க வேர்க்கடலைன்னு சொல்றது. மணிலாவுல இருந்து வந்ததால மணிலாக்கொட்டை, அது வாயில தேய்ஞ்சு மல்லாட்டைன்னு சொல்லுவாங்க. ஆனி கடைசி மழையில விதைச்சா புரட்டாசி கடைசியில பிடுங்கலாம். ஆடி தள்ளிப் போனா ஐப்பசி. அதாவது ஜப்பான்காரனுக்குக் கிழங்கு நிலான்னா எங்களுக்கு மல்லாட்டை நிலா. ரெண்டுமே மண்ணுக்குள்ள இருந்து எடுக்குற பொருளு.

பகல்ல செடியப் பிடுங்கி களத்துல அம்பாரமா போட்டுடுவோம். ராத்திரி பொம்பளைங்க சுத்தி உக்காந்து காய ஆய்வாங்க. ஏன் ராத்திரின்னா, பகல்ல எல்லாருக்கும் பிடுங்குற வேலை. வெய்யிலும் புரட்டாசி வெய்யிலு, பொன்னுருகக் காயும். எங்க கொல்லிக்குக் கரண்டு வந்தது நான் ஆறாவது படிக்கறப்போ. அதுக்கு முன்னாடி ஒரு அரிக்கன் விளக்கு, அதுவும் சீமெண்ணெய் தீரும். பௌர்ணமிக்கு முன்ன நாலு நாள் பின்ன நாலு நாள் நிலாதான் லைட்டு. அதுக்கேத்த மாதிரி பிடுங்குற தேதியவே எங்க அப்பா தள்ளி வைப்பார். செடி இன்னும் ரெண்டு நாள் மண்ணுல கெடக்கட்டும், நிலா ஏறட்டும்பார். அதிகமா தள்ளினா காம்பு அழுகி காய் மண்ணுலயே நின்னுடும், அந்தக் கணக்கும் பாக்கணும்.

இன்னொரு பக்கம் காவல். அமிர்தி காட்டுல இருந்து பன்னி எறங்கும், நரி வரும். பரண் மேல நாங்க ரெண்டு பசங்க, தகர டப்பாவும் குச்சியும். அமாவாசைன்னா பயத்துல சத்தம் போட்டுக்கினே இருக்கணும். நிலா இருந்தா பன்னி வர்றது வரப்பு மேலயே தெரியும்.

இதுக்கு நடுவுல ஒரு நாள் நிலாச்சோறு. பௌர்ணமி அன்னைக்கு அம்மா கேழ்வரகு களியும் கீரையும் ஆக்குவாங்க. புரட்டாசி ஆச்சே, கருவாடு கிடையாது. கூட ஒரு பெரிய குண்டான்ல புளிச்சோறு. களத்துக்குக் கொண்டாந்து, சுத்தி உக்கார வச்சு, உருண்டை புடிச்சு ஒவ்வொரு கையிலயும் வைப்பாங்க. மொத உருண்டை நிலாவுக்கு. அத ஒரு ஆமணக்கு எலையில வச்சு கெணத்து மேட்டுல வச்சுட்டு வருவாங்க. பச்சை மல்லாட்டைய உப்புப் போட்டு அவிச்சு மடியில கொட்டுவாங்க. நாங்க தின்னுக்கினே தூங்கிடுவோம்.

இத படிச்சிட்டு டவுன்ல இருக்குறவங்க 'ஆஹா, எவ்ளோ அழகான வாழ்க்கை'ன்னு சொல்லுவீங்க. கொஞ்சம் பொறுங்க. அந்தக் களத்துல வரிசை ரெண்டு இருந்துச்சு. காய் ஆய வந்தவங்கள்ல பாதிப் பேரு காலனி பொம்பளைங்க. அவங்க வட்டம் தனி. அவங்களுக்கு உருண்டைய கையில வைக்க மாட்டாங்க, அவங்க கொண்டாந்த ஏனத்துல மேல இருந்து போடுவாங்க. ஆயுற கூலி காயாத்தான், படியில அளந்து. நடு ராத்திரி வரைக்கும் ஆய்ஞ்சா விரல் நுனி கிழிஞ்சு போயிருக்கும். அவங்க நிலாவ அண்ணாந்து பார்த்ததா எனக்கு ஞாபகம் இல்ல. எங்க அப்பா நல்ல மனுஷன், அம்மாவும்தான். ஆனா நடந்தது அதுதான். எனக்கு அப்போ அது தப்புன்னே தெரியல, அதையும் சொல்லிடணும்.

ஜப்பான்லயும் மூங்கில் மேடையில உக்காந்து பார்த்த நிலா வேற, கிழங்கு தோண்டினவன் பார்த்த நிலா வேற. பொஸ்தகத்துல மேடைக்காரனப் பத்தித்தான் அதிகம் வருது.

எங்க மலைக்கு மேல நிலாவே வேணாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஆலங்காயம் பக்கம் ஏறினா காவலூர். அங்க வைணு பாப்பு வானாய்வகம். 1960கள்ல பாப்பு இந்த எடத்த தேர்ந்தெடுத்தார், டவுன் வெளிச்சம் இல்லாத சந்தனக் காடுன்னு. 1972ல ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்துச்சு. 1977 மார்ச்சுல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு உலகத்துல நாலஞ்சு எடத்துல பார்த்து சொன்னாங்களே, அதுல காவலூரும் ஒண்ணு. 1986 ஜனவரி 6ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கிய தொறந்து வச்சு, இறந்து போன பாப்புவோட பேர வச்சார். அவங்களுக்கு அமாவாசைதான் பண்டிகை. பௌர்ணமி வெளிச்சத்துல மங்கலான நட்சத்திரம் எதுவும் தெரியாது. நாங்க பன்னிக்கு பயந்து நிலாவ எதிர்பார்த்த அதே மலையில, நிலா எப்போ மறையும்னு சில பேரு காத்துக்கினு இருந்திருக்காங்க. ஆனா ஒரு விஷயத்துல அவங்களும் நாங்களும் ஒண்ணு. கீழ இருந்து ஏறுற லைட்டு வெளிச்சம் அவங்க நட்சத்திரத்தயும் கெடுக்குது, எங்க நிலாவயும் கெடுக்குது.

நிலாச்சோறு எப்போ நின்னுச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒரே நாள்ல நிக்கல. மொதல்ல களத்துக்கு பல்பு வந்துச்சு. அப்புறம் காய் பிரிக்கிற மெஷின் வந்துச்சு. அம்பாரம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும், யாரும் ராத்திரி உக்கார வேண்டியது இல்ல. அது நல்லதுதான், அந்த விரலுங்களுக்கு. அப்புறம் நெறைய பேரு மல்லாட்டைய விட்டுட்டு வாழை, பூவுன்னு போயிட்டாங்க.

கோயிலுக்குள்ள போன நிலா மட்டும் நல்லா பொழைச்சுக்கிச்சு. ஐப்பசி பௌர்ணமிக்கு சிவன் கோயில்ல அன்னாபிஷேகம் பாத்திருப்பீங்க, லிங்கம் மறையற அளவு சோறு. கங்கைகொண்ட சோழபுரத்துல நூறு மூட்டை அரிசி ஆக்குறாங்கன்னு வருஷா வருஷம் செய்தி வரும். என் கண்ணுக்கு அது புது விளைச்சல நிலாவுக்கு முன்னாடி படைக்கிற அதே வேலைதான். சித்ரா பௌர்ணமின்னா வேலூர்ல பூப்பல்லக்கு, விடிய விடிய கூட்டம். திருவண்ணாமலை கிரிவலத்துக்கு எங்க ஸ்டேஷன் வழியா போற ரயில்ல பௌர்ணமி அன்னைக்கு கால் வைக்க எடம் இருக்காது. எங்க சின்ன வயசுல இவ்ளோ கூட்டம் கிடையாது. வேடசந்தூர் பக்கத்து ஊருங்கள்ல தைப் பௌர்ணமிக்கு ஒரு சின்னப் பொண்ண நிலாப்பெண்ணா உக்கார வச்சு ஆவாரம்பூ சூட்டி ராத்திரியெல்லாம் கும்மி அடிக்கிறாங்களே, அது இன்னும் நடக்குது. அதுக்கு நாளு இருக்கு, ஊரு கூடுது. நிலாச்சோத்துக்கு நாளும் இல்ல, சாமியும் இல்ல. அம்மா நெனச்சா உண்டு, இல்லன்னா இல்ல.

அம்மாகிட்ட "ஐப்பசிக்கு வச்சுக்கலாமா"ன்னு கேட்டேன். ஐப்பசி பௌர்ணமிக்கு மேகம் விடல. கார்த்திகை பௌர்ணமியப்போ அம்மாவுக்கு காய்ச்சல். மார்கழியில பனி, கட்டில வெளிய போட முடியாது. கடைசியில தைப்பூசம், பிப்ரவரி 1, ஞாயித்துக்கிழமை. டிராக்டர் டிரெய்லர்ல கட்டிலப் போட்டு அம்மாவ படுக்க வச்சு கொல்லிக்குக் கூட்டிக்கினு போனோம். மோட்டார் கொட்டாய் லைட்ட அணைச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியல. அப்புறம் தென்னை மட்டை, வரப்பு, கெணத்து மேடு, மலை, ஒண்ணொண்ணா வந்துச்சு.

பேரப் பசங்க நாலு பேரு, என் வீட்டுக்காரி, தம்பி குடும்பம். அந்தக் காலத்துல எங்க களத்துல காய் ஆய்ஞ்ச ஒரு அம்மா காலனியில இன்னும் இருக்காங்க, எங்க அம்மா வயசுதான். அவங்களயும் போய்க் கூப்பிட்டேன். "இன்னாத்துக்குப்பா இப்போ"ன்னாங்க, ஆனா பேத்தியோட வந்தாங்க. கட்டில் ஓரத்துல அம்மா பக்கத்துல உக்காந்தாங்க. அம்மா புளிச்சோத்த உருட்டி மொதல்ல அவங்க கையில வச்சாங்க. ரெண்டு பேரும் அதப் பத்தி ஒண்ணும் பேசல. அந்த வருஷத்து மல்லாட்டை விலைய பேசிக்கினு இருந்தாங்க. அந்த அம்மா ஒரு வாய் போட்டுட்டு, "உப்பு கம்மி"ன்னாங்க. என் வீட்டுக்காரி உப்புக்கு வீட்டுக்கு ஓடினா.

நிலாவுக்கு வைக்கிற உருண்டைய மறந்துட்டோம்னு பாதியில ஞாபகம் வந்துச்சு. ஆமணக்கு எலை கெடைக்கல, வாழை எலையக் கிழிச்சு கெணத்து மேட்டுல வச்சேன். ஜப்பான் பையனுக்கு போட்டோ அனுப்பினேன், அவன் தூங்கிட்டான். காலையில தண்ணி கட்டப் போனப்போ எலை மட்டும் இருந்துச்சு, உருண்டை இல்ல. காக்கா எடுத்துச்சோ, பக்கத்துக் கொல்லிப் பசங்க எடுத்தானுங்களோ.